ஒரு வரிக்கு எட்டு இலை

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கைபேசியில் எமுலேட்டர் (பழைய விளையாட்டுப் பெட்டியைப் போல நடிக்கும் மென்பொருள்) போட்டுப் பழைய நின்டெண்டோ ஆட்டங்களை ஆடுகிறாராம். கான்ட்ராவில் சண்டை சூடு பிடித்ததும் ஆட்களும் குண்டுகளும் மினுக் மினுக்கென்று விட்டுவிட்டுத் தெரிந்திருக்கின்றன. செட்டிங்ஸைத் துழாவி 'ஸ்பிரைட் வரம்பை நீக்கு' என்ற ஒன்றைத் தட்டினார், மினுக்கல் போய்விட்டது. அதே சந்தோஷத்தில் காசில்வேனியா 2 போட்டால், சேற்றில் கால் புதைய நடக்க வேண்டிய நாயகன் கால் முழுக்கத் தெரிய சேற்றின் மேலேயே நடக்கிறான். "ஒன்று சரியானால் இன்னொன்று ஏன் கெடுகிறது சார்? ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டா?"

உண்டு. இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் பல வருடமாகக் காத்திருக்கிறேன். அந்த நின்டெண்டோ பெட்டியில் வந்த அதிரடி ஆட்டங்களில் எது சிறந்தது என்று நாலு பேர் கூடினால் சண்டை வரும்: கான்ட்ரா, மெகா மேன் 2, நின்ஜா கெய்டன், காசில்வேனியா என்று ஆளுக்கொரு கட்சி. கதை, இசை, கஷ்டம் என்று அவரவருக்கு ஓர் அளவுகோல். என் அளவுகோல் 'எட்டு' என்கிற ஓர் எண். அதை யார் எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்துத்தான் மதிப்பெண் போடுவேன்.

தெரிந்த விஷயங்களை வேகமாகக் கடந்துவிடுவோம். மாசாயுகி உஎமுரா தலைமையில் உருவான நின்டெண்டோவின் அந்தப் பெட்டி, ஃபாமிகாம் என்ற பெயரில், 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் 14,800 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது. 1985-ல் என்.இ.எஸ். என்ற பெயரில் அமெரிக்கா போனது. உள்ளே ரிக்கோ நிறுவனம் செய்த இரண்டு சிப்கள்: ஒன்று கணக்குப் போடும், இன்னொன்று படம் போடும். கணக்குப் போடுவதன் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ், அதற்கு ரேம் 2 கிலோபைட். ஒரு வாட்ஸாப் ஸ்டிக்கர்கூட அதற்குள் அடங்காது. நம்மூரில் 90-களில் 'டிவி கேம்' என்று வாங்கினோமே, காசெட் அட்டையில் 9999 ஆட்டம் என்று போட்டிருக்க, உள்ளே பத்து இருபது ஆட்டங்களே பெயர் மாற்றித் திரும்பத் திரும்ப வருமே, அந்தப் பெட்டிகளும் இதன் நகல்கள்தான். நகலெடுத்தவர்கள் எட்டையும் சேர்த்தே நகலெடுத்தார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. திரை 256-க்கு 240 பிக்சல். அதாவது 61,440 புள்ளிகள். புள்ளிக்கு 2 பிட் என்று கஞ்சத்தனமாக வைத்தாலும் ஒரு முழுப் படத்துக்கு 15 கிலோபைட் வேண்டும். படச் சிப்புக்கெனப் பெட்டியில் இருந்த நினைவகமோ 2 கிலோபைட்தான். ஆகவே முழுப் படம் என்ற ஒன்று அந்தப் பெட்டிக்குள் எந்த நேரத்திலும் எங்கேயும் இருந்ததே இல்லை. பழைய குண்டு டிவியின் மின்கற்றை இடமிருந்து வலமாக ஒரு வரி, பிறகு அடுத்த வரி என்று ஓடும்போது, அந்தந்தப் புள்ளிக்கு என்ன நிறம் என்பதைச் சிப் அந்தக் கணத்தில் முடிவு செய்து அனுப்புகிறது. தோசைக்கல்லில் இருந்து நேராக இலைக்கு, ஹாட்பாக்ஸ் கிடையாது.

பின்புலம் (வானம், செங்கல், மரம்) 8-க்கு 8 பிக்சல் சதுரங்களை அடுக்கிச் செய்தது. அதன் மேல் சுதந்திரமாக நகர வேண்டியவை எல்லாம் ஸ்பிரைட்கள்: வீரன், எதிரி, குண்டு. ஒரு ஸ்பிரைட்டின் அகலம் 8 பிக்சல். திரையில் மொத்தம் 64 ஸ்பிரைட். ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட்: எந்த உயரம், எந்தப் படம், என்ன வண்ணம், இடமிருந்து எவ்வளவு தூரம். 64 பெயர் கொண்ட ஒரு விருந்தினர் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் பந்தி ஆரம்பிக்கிறது.

டிவி வரி ஒவ்வொன்றும் ஒரு பந்தி. ஒரு பந்திக்கு எட்டே இலை. ஒரு வரியை வரைந்துகொண்டிருக்கும்போதே சிப்புக்குள் இன்னொரு வேலையும் நடக்கும்: பந்தி விசாரிக்கிறவர் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, "இந்த ஆள் அடுத்த வரியில் உட்காருவாரா?" என்று உயரத்தை மட்டும் பார்ப்பார். ஆம் என்றால் ஓர் இலை. எட்டு இலையும் நிரம்பிவிட்டால் ஒன்பதாவது ஆளுக்கு இடமில்லை. அவரை அடுத்த பந்திக்குக் காத்திருக்கச் சொல்லும் நாகரிகமும் இல்லை. அந்த வரியைப் பொறுத்தவரை அவர் இல்லவே இல்லை.

ஏன் எட்டு? இதைப் படித்துப் புரிந்துகொண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு வரிக்குச் சிப்பின் கடிகாரம் 341 முறை துடிக்கிறது. அதில் 256 துடிப்பு படம் வரைவதற்கு, துடிப்புக்கு ஒரு பிக்சல். அந்த 256-க்குள் முதல் 64-ல் எட்டு இலையையும் துடைத்து வைக்கிறார்கள். மிச்சம் 192-ல் பட்டியலைப் படிக்கிறார்கள். ஒரு பெயரைப் பார்த்துத் தள்ள 2 துடிப்பு, இலை போட்டு நான்கு பைட்டையும் எழுதிக்கொள்ள 8 துடிப்பு. 56 பேரைத் தள்ளி 8 பேரை உட்கார வைத்தால் 112 கூட்டல் 64, ஆக 176. நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

உட்கார வைத்தாயிற்று, பரிமாற வேண்டாமா? அந்த எட்டுப் பேரின் படத்தையும் காசெட்டில் இருந்து எடுத்து வர வேண்டும். வரி ஓடும்போது அது முடியாது. காசெட்டுக்குப் போகும் பாதையைப் பின்புலப் படமே முழுக்க அடைத்துக்கொண்டிருக்கும். அந்தப் பாதை காலியாகும் நேரம் ஒன்றே ஒன்று: டிவியின் மின்கற்றை வலது ஓரத்தைத் தொட்டுவிட்டு அடுத்த வரியைத் தொடங்க இடது ஓரத்துக்குத் திரும்பி ஓடுகிற இடைவெளி. அங்கே இதற்கெனக் கிடைத்தது 64 துடிப்பு, சுமார் 12 மைக்ரோநொடி. ஒரு ஸ்பிரைட்டின் படத்தை எடுக்க 8 துடிப்பு. 64-ஐ 8-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பிக்சர் ட்யூபின் கற்றை வீடு திரும்புகிற அவகாசத்தில் எத்தனை பேருக்குச் சோறு எடுத்து வர முடியுமோ அத்தனை இலை. இதில் இன்னொரு வேடிக்கை: அந்த 8 துடிப்பிலும் பாதி வீண். பின்புலத்துக்குப் படம் எடுக்கும் அதே மின்சுற்றையே ஸ்பிரைட்டுக்கும் பயன்படுத்தியதால், பின்புலத்துக்கு மட்டும் தேவையான இரண்டு வாசிப்புகளை இங்கேயும் சும்மா செய்து தூக்கிப் போடுகிறது. தனிச் சுற்று வைத்திருக்கலாம்தான். ஆனால் கூடுதலாக ஏற்றி வைக்கும் ஒவ்வொரு ஸ்பிரைட்டுக்கும் சிலிக்கானில் தனி இடம் வேண்டும், இடம் என்றால் காசு. குழந்தைகள் கேட்கும் பொம்மைக்கு அப்பாக்கள் எவ்வளவு கொடுப்பார்கள் என்ற கணக்கும் அந்தச் சிப்பின் வரைபடத்தில் இருக்கிறது.

இனி கான்ட்ராவுக்கு வருவோம். 1987-ல் கொனாமி வெளியிட்ட ஆர்கேட் (கடைகளில் காசு போட்டு ஆடும் இயந்திரம்) ஆட்டம். இந்தப் பெட்டிக்கு 1988-ல் வந்தது. ஒரு வீரனின் அகலம் குறைந்தது இரண்டு ஸ்பிரைட். இரண்டு பேர் ஒரே மட்டத்தில் நின்றால் நான்கு இலை போச்சு. எதிரே இரண்டு சிப்பாய்கள் ஓடி வந்தால் இன்னும் நான்கு. பந்தி நிறைந்தது. இப்போது எதிரி சுடுகிற குண்டு ஒன்பதாவது ஆள். "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்பார்கள். இங்கே பந்திக்குப் பிந்தியவன் படையில் கண்ணுக்கே தெரியமாட்டான். ஆனால் உங்களைக் கொல்வான். குண்டு எங்கே இருக்கிறது, யார் மேல் பட்டது என்பதெல்லாம் கணக்குச் சிப்பின் வேலை. படச் சிப் அதை வரையாமல் விட்டது கணக்குச் சிப்புக்குத் தெரியாது. "குண்டே வரல, எப்படிச் செத்தேன்?" என்று நானும் அண்ணனும் கட்டிப் புரண்டதற்கெல்லாம் இது காரணமாக இருந்திருக்கலாம்.

இருந்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல ஆட்டங்களை எழுதியவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பந்தி விசாரிக்கிறவரை மாற்ற முடியாது, பட்டியலை மாற்றலாம் அல்லவா? ஒவ்வொரு படத்துக்கும் பட்டியலைச் சுழற்றி எழுதினார்கள். இந்தத் தடவை வீரன் பெயர் முதலில் என்றால் அடுத்த தடவை குண்டின் பெயர் முதலில். நொடிக்கு 60 படம். ஒரே வரியில் 16 ஸ்பிரைட் நெருக்கினால்கூட ஒவ்வொன்றும் ஒன்று விட்டு ஒன்றாக, நொடிக்கு 30 முறை தெரியும். கண் மிச்சத்தை நிரப்பிக்கொள்ளும். நீங்கள் பார்த்த மினுக்கல் அதுதான். வாசகர் கோளாறு என்று நினைத்து அணைத்தது, உண்மையில் கோளாறுக்குப் போட்ட கட்டு. நொடிக்கு 30 படம் மட்டும் பதிவாகும் பழைய வீடியோக்களில் சில எதிரிகள் அடியோடு காணாமல் போவதும் இதனால்தான். அவர்கள் தெரிகிற படத்தை எல்லாம் காமிரா விட்டுவிட்டுப் போயிருக்கும்.

ஆட்டம் ஜவ்வு மாதிரி இழுபடுவது வேறு வியாதி, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கணக்குச் சிப் அடுத்த படத்துக்குள் கணக்கை முடிக்காததால் வருவது.

காசெட்டை ஊதினால் சரியாகும் என்பதும் வேறு. ஊதியதால் ஒன்றும் ஆகவில்லை. கழற்றித் திரும்பச் செருகியதில் தொடுமுனைகள் சரியாக உட்கார்ந்தன, அவ்வளவுதான். எச்சில் ஈரம் பட்டு அந்த முனைகள் நாளடைவில் கெட்டதுதான் மிச்சம். ஊதாதீர்கள் என்று நின்டெண்டோவே எச்சரித்தது. ஆனாலும் உலகம் முழுக்கப் பிள்ளைகள் ஊதினார்கள். பத்து காரியத்தைச் சேர்த்துச் செய்துவிட்டு, பலித்தது எது என்று பிரித்துப் பார்க்காத பழக்கம் நம் பரிகார ஜோசியத்துக்கு மட்டும் சொந்தமில்லை.

மெகா மேன் 2-க்கு (1988) என் பட்டியலில் முதலிடம். திரையில் பாதியை அடைக்கும் ஓர் இயந்திர டிராகன் அதில் உங்களைத் துரத்தி வரும். அத்தனை பெரிய உருவத்தை ஸ்பிரைட்டில் செய்ய நினைத்தால் எட்டு இலையில் அதன் வால்கூட உட்காராது. எனவே டிராகனைப் பின்புலமாகவே வரைந்து, பின்புலத்தையே நகர்த்தினார்கள். விலை என்ன தெரியுமா? பின்புலம் டிராகனாகிவிட்டால் வானத்துக்கு ஆளில்லை. அந்தச் சண்டையில் மட்டும் சுற்றிலும் கன்னங்கரேல் என்று இருக்கும். பயமுறுத்தவே இருட்டாக்கினார்கள் என்று சிறுவயதில் நம்பினேன். இதற்கு நேர் எதிர் துருவம் 1992-ல் வந்த ரெக்கா. எட்டாவது மண்ணாங்கட்டியாவது என்று திரை முழுக்க எதிரிகளைக் கொட்டி, மினுக்கலையே அலங்காரமாக்கிய ஆட்டம் அது. அதையும் ரசிக்கிறேன், தலைவலி வரும் வரை.

ஒன்பதாவது ஆள் வந்தால் 'பந்தி நிரம்பிவிட்டது' என்று கணக்குச் சிப்புக்குச் சொல்ல ஒரு மணியும் வைத்திருந்தார்கள். அதில் ஒரு பிழை. எட்டு நிரம்பிய பிறகு வரும் முதல் பெயரை ஒழுங்காகவே பார்க்கும். அவர் அந்த வரிக்காரர் இல்லையென்றால், அடுத்த பெயரில் உயரத்தைப் பார்ப்பதற்குப் பதில் பட எண்ணை, அதற்கடுத்ததில் வண்ணத்தை, பிறகு தூரத்தை என்று மூலைவாட்டில் நழுவிப் படிக்கும். மணி சில சமயம் அடிக்காது, சில சமயம் சும்மா அடிக்கும். இது இவ்வளவு துல்லியமாகத் தெரிய வந்தது எப்படி? ஆர்வலர்கள் மாதக்கணக்கில் சோதனை நிரல் எழுதிப் பார்த்தார்கள். பழைய சிப்களின் மூடியை அமிலத்தில் கரைத்து, நுண்ணோக்கியில் படம் எடுத்து, டிரான்சிஸ்டர் டிரான்சிஸ்டராகக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் வேலையை 2010-ல் விஷுவல் 6502 என்ற குழு பிரபலமாக்கியது. அந்த வழியில் இந்தப் படச் சிப்பையும் திறந்து பார்த்துவிட்டார்கள். பெரும்பாலும் சொந்தக் காசு, ஞாயிற்றுக்கிழமை உழைப்பு. நம் பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாக இதைக் கொண்டுபோனால் "வெளையாட்டுப் பொட்டியா?" என்று திருப்பி அனுப்புவார்கள். ஒரு முழுக் கருவியை அடி முதல் நுனி வரை ஒரு மாணவன் தனியாளாகப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. நிதி என் கையில் இருந்தால் தலைப்பில் ஏ.ஐ. இல்லாத இந்த மாதிரி வேலைக்குத்தான் முதலில் கொடுப்பேன்.

சரி, சேறு. காசில்வேனியா 2-ல் நாயகன் ஸ்பிரைட், சேறு பின்புலம். கால் மட்டும் மறைய வேண்டும், உடம்பு தெரிய வேண்டும். இதற்கெனச் சிப்பில் தனி வசதி எதையும் அவர்கள் தேடவில்லை. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதையே செய்தார்கள். ஒரு புள்ளிகூட இல்லாத வெற்று ஸ்பிரைட் எட்டை எடுத்து, பட்டியலின் தலையில் வைத்து, கால் இருக்கும் உயரத்தில் உட்கார வைத்தார்கள். அந்த வரிகளில் எட்டு இலையும் துண்டுக்குப் போய்விட்டது. உடம்பு இருக்கும் வரிகளில் நாயகனுக்கு இடம் உண்டு. கால் இருக்கும் வரிகளில் அவன் ஒன்பதாவது ஆள். கால் இல்லை, சேறு தெரிகிறது. லெஜண்ட் ஆஃப் செல்டாவில் பாதாளக் கோட்டையின் மேல் வாசலுக்குள் நுழையும் நாயகன் லிங்க் தலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மறைவதும் இதே துண்டு வித்தைதான்.

நம் வாசகர் வரம்பை நீக்கியதும் பந்தியில் இலைக்குப் பஞ்சமில்லாமல் போயிற்று. கான்ட்ராவில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். காசில்வேனியாவில் துண்டுக்குப் பக்கத்திலேயே காலும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே உயரத்தில் எட்டு ஸ்பிரைட் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் 'இது வேண்டுமென்றே செய்தது' என்று புரிந்துகொண்டு அங்கே மட்டும் வரம்பைத் திரும்பப் போட்டுவிடும் எமுலேட்டர்களும் உண்டு. உங்களுடையதில் அந்த வசதி இல்லாவிட்டால், சேறு வரும்போது மட்டும் செட்டிங்கை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் அவனைச் சேற்றுக்குள்ளும் வெளியிலும் நடத்திப் பாருங்கள். இப்போது அந்த எட்டுத் துண்டும் எங்கே கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.