டிஸ்சார்ஜ் சீட்டில் ஒளிந்திருக்கும் வீடு

"நன்றாக ஓய்வெடுக்கவும். காலை உயர்த்தி வைத்துப் படுக்கவும். கட்டு நனையக்கூடாது. இரண்டு வாரம் கழித்து வரவும்." டிஸ்சார்ஜ் சீட்டில் வழக்கமாக எழுதும் இந்த வரிகளில் ஒன்றைக்கூடத் தெருவில் படுப்பவரால் கடைப்பிடிக்க முடியாது. மருந்தில் தவறில்லை. எழுதியவர் மனதில் இருந்த நோயாளிக்கு ஒரு வீடு இருந்தது, அவ்வளவுதான். புண் சீழ் வைத்து அவர் திரும்பி வரும்போது, "அறிவுரையைப் பின்பற்றவில்லை" என்று கேஸ் ஷீட்டில் ஏறிவிடும்.

மருத்துவ சமூகப்பணியில் நான் அடிக்கடி பார்ப்பது நீர் பிரியும் மாத்திரை. இதயம் பலவீனமானவருக்கு அது அவசியம். ஆனால் கழிப்பறைக்கு வழியில்லாதவர் அதைத் தானாகவே நிறுத்திவிடுவார். ஏன் என்று டாக்டரிடம் சொல்லக் கூச்சம். கால் வீங்கி, மூச்சிரைத்து, மறுபடி அட்மிஷன். பொதுக் கழிப்பறை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று ஒருவர் கேட்டு, மாத்திரை நேரத்தை மாற்றியிருந்தால் அதைத் தவிர்த்திருக்கலாம்.

இன்சுலின் இன்னும் சிக்கல். திறக்காத மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். திறந்தது, பெரும்பாலான வகைகளில், அறை வெப்பத்தில் சுமார் 28 நாள் தாங்கும். நாள் முழுக்க வெயிலில் சுமக்கும் பைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மொத்தமாகக் கொடுக்காமல் ஒவ்வொன்றாகக் கொடுத்து, மீதியைக் கிளினிக்கிலேயே வைத்திருப்பது நல்லது. சாப்பாடு எப்போது கிடைக்கும் என்று தெரியாதவருக்கு வேளை தவறாத டோஸ் எழுதுவது ஆபத்து. சர்க்கரை இறங்கி நடைபாதையில் மயங்கிக் கிடப்பவரைக் குடிகாரர் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள்.

இதையெல்லாம் கடைசி நாளில் யோசித்துப் பயனில்லை. காலை ரவுண்ட்ஸில் டிஸ்சார்ஜ் சொல்லி, மாலைக்குள் கட்டிலைக் காலி செய்யச் சொன்னால் யாராலும் இடம் பிடிக்க முடியாது. அது வெள்ளிக்கிழமையாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அட்மிஷன் அன்றே கேட்க வேண்டும். "முகவரி என்ன?" என்றால் பலரும் பழைய வாடகை வீட்டு முகவரியைச் சொல்லிவிடுவார்கள். "நேற்று ராத்திரி எங்கே படுத்தீங்க? இங்கிருந்து போனா எங்கே படுப்பீங்க?" என்று கேட்டால்தான் உண்மை வரும். கூடவே, வெளியே விட்டுவந்த மூட்டை, நாய், துணை பற்றியும் கேளுங்கள். சிகிச்சை முடியாமலே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவதற்குப் பலமுறை அதுதான் காரணம்; இன்னொரு காரணம், குடியைத் திடீரென நிறுத்தியதால் வரும், யாரும் கவனிக்காத நடுக்கம்.

சில இடங்களில் சட்டமே வந்துவிட்டது. இங்கிலாந்தில் 2018 அக்டோபர் முதல், வீடற்ற நோயாளியை அவர் சம்மதத்துடன் உள்ளாட்சி வீட்டுவசதித் துறைக்குத் தெரிவிப்பது மருத்துவமனையின் கடமை. கலிபோர்னியாவில் அனுப்பும் முன் உணவு, பருவத்துக்கேற்ற உடை, போக்குவரத்து ஆகியவற்றுக்கு மருத்துவமனை வழிசெய்ய வேண்டும். நல்லதுதான். ஆனால் சட்டத்தால் படிவம் நிரம்பும், படுக்கை முளைக்காது.

வேண்டியது நடுவில் ஓர் இடம்: மருத்துவமனைக் கட்டில் தேவைப்படாத, ஆனால் தெருவைத் தாங்காத உடம்பு தேறும் இடம். பாஸ்டனில் பார்பரா மெக்இன்னிஸ் இல்லம் அப்படிப்பட்டது, நர்ஸ்களோடு இயங்குகிறது. சிகாகோவில் நாள்பட்ட நோயுள்ள வீடற்றோர் 407 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. தேறும் இடமும், பிறகு நிரந்தர வீடும், கூடவே ஒரு பணியாளரும் கிடைத்தவர்களிடம் மருத்துவமனை அட்மிஷன்கள் 29 சதவீதமும் அவசரப் பிரிவு வருகைகள் 24 சதவீதமும் குறைவாக இருந்தன. தங்குமிடத்தைச் சிகிச்சைச் செலவாகவே எழுத வேண்டும் என்று நான் வாதாடுவதற்கு இதுவே போதும்.

அப்படி ஓர் இடம் இல்லாத ஊரில் இரவுக் காப்பகம்தான் கதி. அனுப்புமுன் காப்பகத்துக்குப் போன் செய்யுங்கள். மாவுக்கட்டுக் காலோடு இருப்பவர் பகலிலும் உள்ளே இருக்கலாமா? பெரும்பாலும் காலையில் வெளியேற்றிவிடுவார்கள். கீழ்க் கட்டில் கிடைக்குமா? மாத்திரையைப் பூட்டி வைப்பார்களா? வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் திருடு போகும். ஒரு வாரத்துக்கு மேல் கையில் கொடுக்க வேண்டாம். அங்கே இருப்பவர்கள் நர்ஸ்கள் அல்ல. எந்த அறிகுறி வந்தால் உடனே அழைத்துவர வேண்டும் என்று சாதாரணப் பேச்சு மொழியில் அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள்.

ரிவ்யூ தேதியை மட்டும் சீட்டில் எழுதி அனுப்பினால் பெரும்பாலோர் வரமாட்டார்கள். போன் இருக்காது, சீட்டு நனைந்திருக்கும். முதல் மூன்று நாளுக்குள் அவர் படுக்கும் இடத்துக்கே ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். ரிவ்யூ அன்று அவரே கூட்டிவர வேண்டும். அந்த ஒருவரின் பெயர் டிஸ்சார்ஜுக்கு முன்பே முடிவாகி, வார்டில் நோயாளியிடம் அவரை நேரில் அறிமுகப்படுத்தியிருக்க வேண்டும்.