ஜர்னிமேன் பயணம் போகிறவர் அல்ல

ஐஸ் ஹாக்கி பற்றிய ஆவணப்படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கீழே தமிழில் துணைவரி. பாதிப் படத்தில் "இவர் ஒரு பயண வீரர்" என்று வந்ததும் பக்கத்தில் இருந்த மாமா, "ட்ராவல்ஸ் வைத்திருக்கிறாரா?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. 'ஜர்னிமேன்' என்ற ஆங்கிலச் சொல்லை இப்படிப் பெயர்த்து நான் பார்ப்பது மூன்றாவதோ நான்காவதோ முறை.

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாளைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சில் 'ஜூர்னே' வந்தது. ஒரு நாள், ஒரு நாள் வேலை, ஒரு நாளில் கடக்கும் தூரம் எல்லாமே அதில் அடக்கம். ஆங்கில 'ஜர்னி'யில் தூரம் மட்டும் தங்கிவிட்டது. ஜர்னிமேனில் தங்கியது வேலை. தொழில் பழகி முடித்து, இன்னும் சொந்தப் பட்டறை வைக்காமல், நாட்கூலிக்கு வேலை செய்பவர்தான் ஜர்னிமேன். அதே வேரில் வந்த 'ஜர்னல்' என்ற சொல்லுக்கு நம்மவர்கள் நாளேடு, நாளிதழ் என்று அழகாகச் சொன்னார்கள். அங்கே கண்ணில் பட்ட நாள் இங்கே எப்படித் தொலைந்தது?

கட்டட வேலையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். சித்தாள் கலவை சுமப்பார். மேஸ்திரி ஒப்பந்தம் பேசுவார், ஆள் சேர்ப்பார். நடுவில் தூக்குக்குண்டைப் பிடித்துச் சுவரை நேராக எழுப்புகிறாரே கொத்தனார், அவர்தான் ஜர்னிமேன். தொழில் முழுக்கத் தெரியும், கூலி நாளுக்கு. அவரைப் பயண மனிதர் என்று யாராவது சொல்வோமா?

ஜெர்மனியில் இந்த நிலையில் இருப்பவர்கள் மூன்று வருடமும் ஒரு நாளும் ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கும் வழக்கம் உண்டே, அதனால் பயணம் பொருந்தும்தானே என்று ஒரு நண்பர் வாதாடினார். வழக்கம் உண்டு, சரி. ஆனால் அங்கே அவருக்குப் பெயர் 'கெசெல்லே'. ஒரே கூடத்தில் உடன் தங்குபவர் என்பதுதான் அதன் வேர்ப்பொருள். ஊர் சுற்றுகிறவர்களே தங்கள் பெயரில் பயணத்தை வைக்கவில்லை. நாம் ஏன் வைக்க வேண்டும்?

இனி ஹாக்கிக்கு வருவோம். வட அமெரிக்க விளையாட்டுச் செய்திகளில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் ஏறியிருக்கிறது: நட்சத்திரம் அல்ல, ஆனால் நம்பகமானவர், அதனாலேயே அணி அணியாக மாறிக்கொண்டே இருப்பவர். இதற்கு ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர் மைக் சிலிஞ்சரைவிட நல்ல சான்று கிடையாது. கனடாவின் ரெஜைனாக்காரர். 1989இல் டெட்ராய்ட் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. 2009இல் அவர் ஓய்வுபெற்றபோது வட அமெரிக்காவின் பெரிய ஹாக்கி லீக்கான என்எச்எல்லில் 12 அணிகளுக்கு ஆடி முடித்திருந்தார். அது ஒரு சாதனை. மொத்தம் 1,049 ஆட்டங்கள், 240 கோல்கள்.

இங்கேதான் 'நாடோடி வீரர்' என்ற இன்னொரு மொழிபெயர்ப்பும் உதைக்கிறது. நாடோடி தன் காலால் போகிறவர். சிலிஞ்சரை அனுப்பினார்கள். 2003 கோடையில் கொலம்பஸ் அணி அவரை டல்லஸுக்குக் கொடுத்தது. டல்லஸ் அதே நாளில் பீனிக்ஸுக்குத் தள்ளிவிட்டது. டல்லஸ் சட்டையை அவர் போட்டு ஆடவே இல்லை. அந்த மே மாதம்தான் கொலம்பஸில் அவருக்கு மகன் பிறந்திருந்தான். (அந்த மகன் கோல் சிலிஞ்சரை 2021இல் அதே கொலம்பஸ் அணி தேர்ந்தெடுத்தது.) கைக்குழந்தையோடு வீடு மாற்றியவரை நாடோடி என்பது அநியாயம். "வர்த்தகம் செய்யப்பட்டார்" என்று எழுதுகிறவர்களைப் பற்றி நான் பேசவே போவதில்லை. ஆள் என்ன, மிளகாய் மூட்டையா? 'கைமாற்றினார்கள்' என்ற சொல் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது.

ஜர்னிமேனைச் 'சராசரி வீரர்' என்று பெயர்ப்பது இன்னும் மோசம். ஆட்டம் தொடங்கும்போது நடுவர் 'பக்' என்ற வில்லையைக் கீழே போடுவார். எதிரெதிரே குனிந்து நிற்கும் இரண்டு பேரில் ஒருவர் அதை மட்டையால் தன் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். சிலிஞ்சர் அதில் பெயர் எடுத்தவர். அணிகள் அவரைத் தேடியது இந்த மாதிரி வேலைக்குத்தான். கொத்தனார் வேலை!

பக் என்றதும் இன்னொரு புலம்பல். ஐஸ் ஹாக்கியைப் 'பனிப் பந்தாட்டம்' என்று எழுதுகிறார்கள். பக் என்பது மூன்று அங்குல அகலமும் ஒரு அங்குலத் தடிமனும் உள்ள ரப்பர் வில்லை. பந்தே இல்லாத பந்தாட்டம். தூய தமிழ் எனக்கும் பிடிக்கும், ஆனால் முதலில் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொல் செய்யலாமே. அப்புறம், இவர்கள் தூக்கிப் பிடிக்கும் 'பயணம்' வடமொழிப் பிரயாணத்தின் தேய்வு என்பதையும் யாராவது அவர்களிடம் சொல்லுங்கள்.

என் பரிந்துரை இது. தொழிலைச் சொல்லும் இடத்தில் 'தேர்ந்த கூலித்தொழிலாளி' போதும். மரபுச் சொல் இருந்தால் கொத்தனார் மாதிரி அதையே போடலாம். விளையாட்டில் 'பல அணி கண்டவர்'. களம் பல கண்டவர் என்று சொல்லிப் பழகிய காதுக்கு இதை விளக்கவே வேண்டாம். அனுபவமும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. குத்துச்சண்டையிலும் ஜர்னிமேன் என்பார்கள். அதற்கு இது செல்லாது, அங்கே அணியே கிடையாது. அதற்கு வேறு சொல் தேடத்தான் வேண்டும்.

'பல அணி கண்டவர்' என்பதிலும் நாள் இல்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான், அது ஒரு குறை. அதுவும் ஹாக்கியில் அந்த நாட்கூலி இன்னும் போகவில்லை. என்எச்எல் சம்பளம் பருவத்தின் நாட்களால் வகுபடுகிறது. மேலே ஒரு சம்பளம், கீழே ஒரு சம்பளம் என்று பேசும் இருவழி ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்டக்காரரைக் கீழ் லீக்கிலிருந்து செவ்வாய்க்கிழமை மேலே அழைத்து வெள்ளிக்கிழமை திருப்பி அனுப்பினால், மேலே இருந்த அந்தச் சில நாட்களுக்கு மட்டும் பெரிய சம்பளம். சனிக்கிழமையிலிருந்து பழைய கூலி.