பிரிமா டோனா: ஒரு பதவிப் பெயர் வசவுச் சொல்லான கதை

பிரிமா டோனா: பெயர்ச்சொல். மூலம் இத்தாலிய மொழி. முதற்பொருள், ஓபரா எனும் மேற்கத்திய இசை நாடகக் குழுவில் முதலிடம் பெற்ற பாடகி. வழிப்பொருள், தொட்டதற்கெல்லாம் முறுக்கிக்கொள்பவர், எல்லாம் தன்னைச் சுற்றியே நடக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்.

இன்று அதிகம் புழங்குவது வழிப்பொருள்தான். கோபித்துக்கொண்டு பயிற்சிக்கு வராத கால்பந்து வீரரையும், கூட்டத்தில் யார் பேச்சையும் காதில் வாங்காத மேலதிகாரியையும் ஆங்கிலப் பத்திரிகைகள் பிரிமா டோனா என்று எழுதுகின்றன. அதைப் படித்துவிட்டுத் தமிழில் எழுதும்போது முதற்பொருள் காணாமலே போய்விடுகிறது. இது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. சொல் பிறந்தபோது அதில் வசவு துளியும் இல்லை. அது ஒப்பந்தத்தைத் தீர்மானித்த ஒரு பதவியின் பெயர்.

'ப்ரீமா' என்றால் முதலாவது, பெண்பாலில். லத்தீனின் 'ப்ரீமுஸ்' அதன் வேர். 'தொன்னா' என்பது லத்தீன் 'தொமினா'விலிருந்து வந்தது. வீட்டைக் குறிக்கும் 'தொமுஸ்' என்ற சொல்லோடு உறவுடையது. இல்லத் தலைவி என்று பொருள். மடோனா, பிரெஞ்சுக்காரர்களின் மதாம், ஸ்பானியரின் தொன்யா எல்லாம் இந்தக் குடும்பத்துப் பெண்கள்தாம். இத்தாலியர் வாயில் இது 'ப்ரீமா தொன்னா'. ஆங்கிலம் வழியாக வந்ததால் நமக்கு 'பிரிமா டோனா' ஆயிற்று.

ஓபரா முதலில் அரண்மனைக் கலை. 1637இல் வெனிஸில் சான் கசியானோ அரங்கு திறந்ததும், காசு கொடுத்து யாரும் பார்க்கலாம் என்ற நிலை வந்தது. காசு கொடுப்பவர் பாடகிக்காக வந்தார். அப்படி வந்த கூட்டத்தை நம்பித்தான் 'இம்ப்ரெசாரியோ' என்ற நாடகக் காண்டிராக்டர் முதல் போட்டார். ஊர் ஊராகப் பாடகர்களைத் திரட்டி, ஒரு பருவத்துக்கு மட்டும் ஒப்பந்தம் செய்து, ஒரே மேடையில் நிறுத்தினார். முன்பின் பழகாதவர்கள் சில வாரங்களில் ஒரு முழு ஓபராவைத் தயாரிக்க வேண்டும். யார் பெரியவர் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் ஒத்திகையே நடக்காது. அதனால் வரிசை பிறந்தது. பெண்களில் முதல்வர் பிரிமா டோனா, அடுத்தவர் செகொண்டா டோனா. ஆண்களில் முதல்வர் பிரிமோ உவோமோ. பெரும்பாலும் அவர் காஸ்ட்ராட்டோ, அதாவது குரல் உடையாமல் இருக்கச் சிறுவயதிலேயே விதை நீக்கப்பட்ட பாடகர்.

இந்த வரிசை வெறும் மரியாதைக்கு அல்ல. சம்பளம், உடை, ஆரியா எனப்படும் தனிப்பாடல்களின் எண்ணிக்கை எல்லாம் அதைப் பொறுத்தவை. நாடகாசிரியர் கார்லோ கொல்தோனி இளைஞராக மிலானுக்குப் போய், தான் எழுதிய ஓபராவைப் படித்துக் காட்டிய கதையைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கேட்டவர்களில் கஃபரெல்லி என்ற புகழ்பெற்ற காஸ்ட்ராட்டோவும் ஒருவர். படிக்கப் படிக்க அவர்கள் சலித்துக்கொண்டார்கள். பிறகு ஒரு பிரபு தனியே அழைத்துப்போய் விதிகளைச் சொன்னாராம்: முதல் மூவருக்கும் ஆளுக்கு ஐந்து ஆரியா. முதல் அங்கத்தில் இரண்டு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் ஒன்று. அடுத்த நிலையில் இருப்பவருக்கு மூன்றுக்கு மேல் கூடாது. கடைசி நிலைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. உருக்கமான பாட்டு இரண்டை அடுத்தடுத்து வைக்கக் கூடாது. கொல்தோனி விடுதிக்குத் திரும்பி அந்தப் பிரதியை நெருப்பில் போட்டார்.

இந்த விதித் தொகுப்புக்கு இத்தாலியர் வைத்த பெயர் 'கொன்வெனியென்ஸே'. கோயில் திருவிழாவில் பரிவட்டம் யாருக்கு முதலில் என்று ஊர் இரண்டுபடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பரிவட்டத்துக்குச் சண்டை போடுபவர் துணிக்காகச் சண்டை போடவில்லை. ஐந்தாவது ஆரியாவுக்குச் சண்டை போட்ட பாடகியும் பாட்டுக்காக மட்டும் போடவில்லை. அடுத்த ஊரில் அவருக்கு என்ன சம்பளம் என்பதை அந்த ஐந்தாவது ஆரியா தீர்மானித்தது.

அப்படியானால் ஒரே குழுவில் இரண்டு முதல்வர்கள் இருந்தால்? லண்டனில் நடந்தது அதுதான். 1719இல் பிரபுக்கள் பணம் போட்டு அங்கே ஓபரா நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். இசையமைப்பாளர் ஹேண்டல் ஜெர்மானியர். பாடியவர்கள் இத்தாலியர். கேட்டவர்கள் ஆங்கிலேயர். பிரான்செஸ்கா குஸ்ஸோனி 1723இல் 'ஒத்தோனே' ஓபராவில் அறிமுகமானபோது, தனக்குத் தந்த முதல் ஆரியா மிக எளிமையாக இருக்கிறது, பாட மாட்டேன் என்றார். ஹேண்டலின் முதல் வாழ்க்கை வரலாற்றை எழுதிய மெயின்வேரிங் சொல்வது இது: ஹேண்டல் அவர் இடுப்பைப் பிடித்துத் தூக்கி, ஜன்னல் வழியே எறிந்துவிடுவேன் என்று மிரட்டினார். "அம்மணி, நீங்கள் அசல் பெண்பேய் என்று எனக்குத் தெரியும். நான் பேய்களுக்கெல்லாம் தலைவன் பெயல்செபூல், தெரிந்துகொள்ளுங்கள்" என்றார். சொன்னது பிரெஞ்சில். ஒரு ஜெர்மானியரும் ஓர் இத்தாலியப் பெண்ணும் லண்டனில் சண்டை போட்டுக்கொள்ள மூன்றாவது நாட்டு மொழி தேவைப்பட்டிருக்கிறது. குஸ்ஸோனி பாடினார். அந்த எளிய பாட்டே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

1726இல் ஃபவுஸ்தினா போர்தோனி என்ற இன்னொரு இத்தாலியப் பாடகி வந்து சேர்ந்தார். இருவருமே பிரிமா டோனா. அவ்வாண்டு மே 5இல் அரங்கேறிய 'அலெஸாந்த்ரோ'வில் ஹேண்டல் இதை எப்படிச் சமாளித்தார் என்பது கவனிக்க வேண்டியது. கதை இந்தியாவில் நடக்கிறது. படையெடுத்து வந்த அலெக்சாண்டரை இரண்டு பெண்கள் காதலிக்கிறார்கள். அவரோ யார் பக்கம் என்று முடிவெடுக்காமல் இங்கும் அங்குமாக அலைகிறார். மேடைக்குப் பின்னால் இருந்த பிரச்சினையையே கதையாக்கி, பாட்டுகளை இருவருக்கும் நிறை பார்த்துப் பங்கிட்டிருக்கிறார்கள். இதைவிடப் பொறுப்பான வேலை ஓர் இசையமைப்பாளருக்கு இருக்க முடியாது என்பேன்.

அதற்கு அடுத்த ஆண்டு ஜூன் 6இல் போனொன்சீனி என்ற இன்னொரு இசையமைப்பாளரின் ஓபரா 'அஸ்தியனாத்தே'. அதிலும் இருவரும் பாடினார்கள். வேல்ஸ் இளவரசி கரோலின் அரங்கில் இருந்தார். ஒரு பாடகியின் ரசிகர் கட்சி கைதட்ட, மற்றவரின் கட்சி சீழ்க்கையடித்துக் கூச்சல் போட, நிகழ்ச்சி பாதியில் நின்றது. பாடகிகள் இருவரும் ஒருவர் தலைமயிரை ஒருவர் பிடித்து இழுத்தார்கள் என்பது பிறகு விற்ற துண்டுப் பிரசுரங்களின் கதை. அன்றைய பத்திரிகைச் செய்தி சொல்வது ரசிகர்களின் கலாட்டாவைத்தான். மேடையில் கைகலப்பு நடந்ததற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்பதே இன்றைய ஆய்வாளர்கள் பலரின் முடிவு. அடுத்த பருவத்தில் அதே இருவரும் அதே மேடையில் சேர்ந்தே பாடினார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ரகளை செய்தவர்கள் இருக்கையில் இருந்த கனவான்கள். பழி வந்து சேர்ந்தது மேடையில் நின்ற பெண்கள்மேல். 1728 ஜனவரியில் மேடையேறிய 'பிச்சைக்காரர் ஓபரா' என்ற ஆங்கிலக் கேலி நாடகம், முன்னுரைக் காட்சியிலேயே 'நம் இரு பெண்மணிகளும் கோபிக்காதபடி நடுநிலை காத்திருக்கிறேன்' என்று அவர்களைக் குத்திக்காட்டியது. சொல்லின் வழிப்பொருள் இங்கேதான் முளைவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

வியன்னாவில் பாடகிகளின் இந்தப் போட்டி அரசவை வேடிக்கையாகவே மாறியது. 1786 பிப்ரவரி 7, ஷோன்ப்ரூன் அரண்மனையின் ஆரஞ்சு மரக்கூடம். கூடத்தின் இரு முனைகளிலும் இரண்டு மேடைகள், நடுவில் விருந்து. பேரரசர் இரண்டாம் யோசெப் ஒரு மேடையை ஜெர்மன் குழுவுக்கும் மற்றதை இத்தாலியக் குழுவுக்கும் கொடுத்திருந்தார். இரண்டு நாடகங்களுக்கும் பொருள் ஒன்றுதான்: ஓபரா தயாரிப்பில் திரைக்குப் பின்னால் நடக்கும் பூசல். இத்தாலிய நாடகத்துக்கு இசை சலியேரி. ஜெர்மன் நாடகத்துக்கு மொசார்ட். சலியேரிக்குக் கிடைத்தது 100 டுக்காட் பொற்காசு, மொசார்ட்டுக்கு 50.

மொசார்ட்டின் நாடகத்தில் இரண்டு பாடகிகள் "நான்தான் முதல் பாடகி" என்று மோதிக்கொள்ளும் மூவர் பாட்டு ஒன்று உண்டு. ஒருத்தி "அதாஜோ" என்று விளம்ப காலத்தில் இழுத்துக் காட்டுகிறாள். மற்றவள் "அலெக்ரோ, அலெக்ரிஸிமோ" என்று துரித காலத்தில் பாய்கிறாள். நடுவில் மாட்டிக்கொண்ட ஆண் பாடகர் இருவரையும் தணிக்கப் பார்க்கிறார். அவர் வாயில் வரும் சொற்களும் இசைக்குறிப்புகளே: 'பியானோ', 'கலாந்தோ', 'திமினுவெந்தோ'. மெல்ல, தணிய, குறைய. சண்டையையும் சமாதானத்தையும் இசையின் கலைச்சொற்களாலேயே எழுதிவிட்டார் மொசார்ட்.

அந்த இரு பாடகிகள் யார் என்று பார்த்தால் திரைக்குப் பின்னால் இன்னும் ஆழம் தெரிகிறது. ஒருவர் அலோய்சியா லாங்கே. மான்ஹைமில் மொசார்ட் உருகி உருகிக் காதலித்த பெண். மறுத்துவிட்டு நடிகர் ஒருவரை மணந்தார். மொசார்ட் பிறகு அவருடைய தங்கை கொன்ஸ்தான்சேயை மணந்தார். மனைவியின் அக்காளாகிவிட்ட பழைய காதலிக்கு, அவர் தொண்டை எட்டும் உச்ச சுரங்களை அறிந்து தொடர்ந்து பாட்டெழுதினார். மற்றவர் கத்தரீனா கவலியேரி, சலியேரியிடம் பயின்றவர். பெயர்தான் இத்தாலியம், ஆள் வியன்னாக்காரர்; குடும்பப் பெயர் கவலியர். இத்தாலியப் பெயர் இருந்தால்தான் மதிப்பு என்ற காலம்.

அதே ஆண்டு மே 1இல் மொசார்ட்டின் 'ஃபிகரோவின் திருமணம்' ஓபரா. லண்டனில் பிறந்த நான்சி ஸ்டொராச்சே, டப்ளினைச் சேர்ந்த மைக்கேல் கெல்லி, இத்தாலியர் பலர், வியன்னாச் சிறுமி ஒருத்தி என்று ஒரு கதம்பக் குழு. உரை எழுதியவர் வெனிஸ் பகுதியைச் சேர்ந்த லொரென்ஸோ தா போந்தே. ஓபராவில் நடனம் கூடாது என்ற ஆணையைக் காட்டி, அரங்கை நிர்வகித்த ரோசன்பெர்க் பிரபு நடனப் பக்கங்களைப் பிடுங்கிவிட்டார் என்று தா போந்தே எழுதியிருக்கிறார். தா போந்தே எதிர்த்து வாதாடவில்லை. ஒத்திகைக்குப் பேரரசரையே வரவழைத்தார். அந்த இடம் வந்ததும் இசை நின்றது. நடிகர்கள் ஊமைகளாகக் கையசைத்தார்கள். "இது என்ன?" என்று பேரரசர் கேட்டார். விஷயம் தெரிந்ததும் நடனக்காரர்களை அழைத்துவர ஆணையிட்டார்.

அதே தா போந்தே பிறகு அத்ரியானா ஃபெர்ராரேஸே என்ற பாடகியின் காதலரானார். 1789இல் 'ஃபிகரோ' மீண்டும் மேடையேறியபோது சுசன்னா பாத்திரம் அவருக்குப் போயிற்று, புதிய ஆரியாக்களோடு. அவற்றில் சிறிய பாட்டு ஒன்றைப் பற்றி, வெகுளித்தனமாகப் பாடினால் எடுபடும், ஆனால் இவரால் முடியுமா என்பது சந்தேகம் என்று மொசார்ட் மனைவிக்குக் கடிதம் எழுதினார். 1790இல் இதே இருவரும் ஆக்கிய 'கொசி ஃபான் தூத்தே' ஓபராவின் கதாநாயகிகள் ஃபெர்ராரா ஊர்ப் பெண்கள். அந்த ஊர்ப் பெயரைத் தன் பெயரில் சுமந்த காதலிக்கு தா போந்தே செய்த மரியாதையாக அது இருக்கலாம். அடுத்த ஆண்டு புதிய பேரரசர் காலத்தில் தா போந்தேவுக்கும் ஃபெர்ராரேஸேவுக்கும் வேலை போயிற்று.

இத்தனை பூசலிலும் காதலிலும் ஆண்கள் சரிபாதி. கொல்தோனி படித்தபோது உட்கார்ந்திருந்த அதே கஃபரெல்லி, 1741இல் நேப்பிள்ஸ் மேடையில் சக பாடகர்களைக் கேலி செய்து, ஆபாசமாகச் சைகை காட்டிக் காவலில் வைக்கப்பட்டவர். ஆனாலும் 'பிரிமோ உவோமோ' எந்த மொழியிலும் வசவாகவில்லை. பெண்ணின் பதவிப் பெயர் மட்டும் வசவானது. தமிழாக்கம் செய்பவர் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

இனி தமிழ். 'முதல் பெண்மணி' என்பது சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் அது நாட்டுத் தலைவரின் மனைவிக்குப் போய்விட்டது. 'கதாநாயகி' தவறு: அது கதையில் வரும் பாத்திரம், பிரிமா டோனா பாடுபவரின் நிலை. மிக நெருங்கி வருவது நம் நாடக மேடையின் 'அயன் ஸ்திரீபார்ட்', அதாவது முதன்மைப் பெண் வேடம். ஸ்பெஷல் நாடகத்திலும் வெவ்வேறு ஊர் நடிகர்களைக் காண்டிராக்டர்தான் ஒரு மேடையில் சேர்த்தார். ராஜபார்ட் கிட்டப்பாவும் ஸ்திரீபார்ட் கே. பி. சுந்தராம்பாளும் கணவன் மனைவி ஆனதும் அப்படிச் சேர்ந்த மேடையால்தான். ஆனால் ஸ்திரீபார்ட் பெண் வேடத்தின் பெயர், ஆண்களும் கட்டியது. எனக்கு ஆசை 'தலைக்கோலி' மீதுதான். மாதவி அரங்கேறித் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றதாகச் சிலம்பு சொல்கிறது. சோழர் கல்வெட்டுகளிலும் தலைக்கோலிகள் உண்டு. பட்டம், பரிசு, முதலிடம் மூன்றும் பொருந்துகின்றன. தடை ஒன்றுதான்: அது ஆடற்கலைக்கு உரியது.

ஆகவே கட்டுரைக்கும் நிகழ்ச்சிக் குறிப்புக்கும் 'தலைமைப் பாடகி' போதும். 'தொமினா'வின் தலைவிப் பொருளும் அதில் தங்குகிறது. செகொண்டா டோனா 'இரண்டாம் பாடகி'. பிரிமோ உவோமோ 'தலைமைப் பாடகர்'. கொன்வெனியென்ஸேக்கு 'மேடை வரிசைமுறை' என்று எழுதலாம்.

வழிப்பொருளுக்குத் தலைமைப் பாடகியை இழுக்கவே வேண்டாம். 'அந்த ஆட்டக்காரர் ஒரு பிரிமா டோனா' என்று ஆங்கிலத்தில் வந்தால், 'அந்த ஆட்டக்காரருக்குத் தலைக்கனம்' என்று எழுதுங்கள். கோபித்துக்கொண்டு வராமல் இருப்பவரானால் 'பிகு பண்ணுகிறார்'. ஆர்ப்பாட்டம் செய்பவரானால் 'பந்தா காட்டுகிறார்'. மூன்றும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது.