விண்ணப்பம் போட்டால் சேர்ந்ததாகாது: கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு

ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வந்துவிட்டால் போதும், எங்கள் கம்யூனிட்டி காலேஜ் (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) கவுன்சலிங் அலுவலகத்துக்கு நம் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். “ஏப்ரல்லயே அட்மிஷன் மெயில் வந்துடுச்சு. டைம்டேபிள் எப்ப குடுப்பீங்க?” யாரும் கொடுக்கப் போவதில்லை. திறந்து பார்த்தால் அந்தப் பிள்ளையின் பெயரில் ஒரு வகுப்புகூடப் பதிவாகியிருக்காது. கணக்கு, ஆங்கிலம், வேதியியல் எல்லாம் நிரம்பியிருக்கும். நான்கு மாதம் கையில் இருந்தும் யாரும் எதுவும் செய்யவில்லை, ஏனென்றால் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்திருந்தார்கள். இந்த ஆண்டும் இதே கதைதான். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். ஊரில் கலந்தாய்வில் இடம் கிடைத்துக் கட்டணத்தையும் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. எந்த செக்‌ஷன், என்னென்ன பாடம், எத்தனை மணிக்கு யார் நடத்துகிறார் என்பதெல்லாம் கல்லூரியின் பொறுப்பு. மாணவர் போய் உட்கார வேண்டியதுதான். அங்கே இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.

இங்கே இடம் கிடைப்பது கஷ்டமே இல்லை. கலிஃபோர்னியாவின் 116 கம்யூனிட்டி காலேஜ்களில் எதிலும், உயர்நிலைப் பள்ளி முடித்தவரோ 18 வயது நிறைந்தவரோ யார் வேண்டுமானாலும் சேரலாம். மதிப்பெண் பார்த்து யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. ஆகவே அந்த அட்மிஷன் மெயிலுக்கு ஒரே பொருள்தான்: உங்கள் பிள்ளைக்கு ஒரு மாணவர் எண் கிடைத்திருக்கிறது. வகுப்பில் இடம் கிடைக்கவில்லை, கட்டணம் தீரவில்லை, உதவித்தொகையும் அதனால் வந்துவிடாது. விண்ணப்பம் ஒன்று, வகுப்புப் பதிவு ஒன்று, பண உதவி ஒன்று. மூன்றும் வெவ்வேறு அலுவலகங்கள், வெவ்வேறு கெடு தேதிகள். மத்திய அரசின் பண உதவிக்கான ஃபாஃப்ஸா படிவம் போட்டதால் வகுப்பு பதிவாகாது. வகுப்பு பதிவானதால் கட்டணம் கட்டியதாகாது. பல கல்லூரிகளில் குறிப்பிட்ட தேதிக்குள் கட்டணமோ கட்டண விலக்கோ கணக்கில் ஏறவில்லை என்றால் பதிவான வகுப்புகளை எல்லாம் கணினியே நீக்கிவிடும். கட்டணமும் கட்டியாயிற்று, ஆனால் முதல் வகுப்புக்கே போகவில்லை என்றால், ஆசிரியர் பெயரை எடுத்துவிட்டு காத்திருப்புப் பட்டியலில் உள்ளவருக்கு இடத்தைக் கொடுத்துவிடலாம். ஆன்லைன் வகுப்பிலும் இதேதான். கேன்வாஸ் என்ற பாடத் தளத்துக்குள் போய் முதல் வாரப் பயிற்சியைச் செய்யாதவர் வராதவராகவே கணக்கு.

இனி ஒவ்வொன்றாக.

விண்ணப்பம் சிசிசி அப்ளை தளத்தில். இலவசம். இதற்கும் ஃபாஃப்ஸாவுக்கும் பணம் கேட்கும் ‘கன்சல்டன்ட்’ யாரிடமும் போகாதீர்கள். பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண் மூன்றும் ஆவணத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். தந்தை பெயரை ஓரிடத்தில் முன்னாலும் இன்னோரிடத்தில் பின்னாலும் போடும் நம் வழக்கத்தால், ஃபாஃப்ஸாவில் ஒருவரும் கல்லூரிக் கணக்கில் இன்னொருவருமாக ஒரே பிள்ளை இரண்டு ஆளாகிவிடுகிறது. பண உதவி ஆளைத் தேடிக்கொண்டு நிற்கும். கல்வி இலக்கு என்ற கேள்வியில் பட்டம், சான்றிதழ், பல்கலைக்கழகத்துக்கு மாற்றம் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். “சும்மா ஒன்றிரண்டு பாடம்” என்ற பொருளில் எதையாவது தொட்டுவிட்டால் மத்திய அரசின் உதவிக்குத் தகுதி போய்விடும்.

இன்னொன்று. சில ஆண்டுகளாக உதவித்தொகையைத் திருடுவதற்காகப் போலி மாணவர் பெயர்களில் விண்ணப்பங்கள் குவிகின்றன. அதனால் உண்மையான பிள்ளைகளின் விண்ணப்பங்களையும் நிறுத்திவைத்து, அடையாளச் சான்று கேட்டு மெயில் அனுப்புகிறார்கள். பாதிப் பேர் அதை ஸ்பாம் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். விண்ணப்பித்து மூன்று நாளாகியும் மாணவர் எண் வரவில்லை என்றால் அலுவலகத்தைக் கேளுங்கள். எண் வந்தபின் எல்லாத் தகவலும் கல்லூரி கொடுக்கும் மெயிலுக்குத்தான் போகும். பிள்ளை அதைக் கைபேசியில் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

அடுத்து ஓரியன்டேஷன், பாடநிலை நிர்ணயம், கல்வித் திட்டம். இந்த மூன்றையும் முடித்த புதிய மாணவருக்கு வகுப்புப் பதிவில் முன்னுரிமை உண்டு. முடிக்காதவர் கடைசி வரிசையில் நிற்பார். பாடநிலைக்கு இப்போது நுழைவுத் தேர்வெல்லாம் கிடையாது. 2017இல் வந்த ஏபி 705 சட்டத்துக்குப் பிறகு உயர்நிலைப் பள்ளி மதிப்பெண்களை வைத்தே ஆங்கிலத்திலும் கணக்கிலும் எங்கே தொடங்குவது என்று முடிவு செய்கிறார்கள். தேர்வுக்குத் தயார் செய்கிறேன் என்று ஜூன் மாதத்தை வீணாக்காதீர்கள். கல்வித் திட்டத்துக்குக் கவுன்சலரை மே, ஜூனிலேயே பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு மாறுவதுதான் நோக்கம் என்றால், எந்தப் பாடம் எங்கே செல்லுபடியாகும் என்பதை அறியாமல் பதிவு செய்வது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான். திட்டத்தில் இல்லாத பாடத்துக்கு மத்திய உதவியும் கணக்கில் வராது.

பதிவு நாள் வரும்போது முதலில் பதிவைத் தடுக்கும் ‘ஹோல்டு’ ஏதும் இருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். அந்த நாள் காலையிலேயே பதிவு செய்யுங்கள், “வீக்எண்டில் உட்கார்ந்து பார்த்துக்கலாம்” வேண்டாம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு மாற்று செக்‌ஷன் எண்ணை எழுதி வைத்திருங்கள். நிரம்பியிருந்தால் காத்திருப்புப் பட்டியலில் சேர்ந்து, முதல் நாள் வகுப்புக்கு நேரில் போய் ஆசிரியரிடம் வகுப்பில் சேர்வதற்கான ஆட் கோட் கேளுங்கள். கிடைப்பது அடிக்கடி நடக்கிறது. கேட்காதவருக்குக் கிடைப்பதில்லை.

பணம். நம்மவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான்.

“எங்க வருமானத்துக்கு எதுவும் கிடைக்காது, ஃபாஃப்ஸா எதுக்கு?” இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கோபமே வருகிறது. மத்திய அரசின் உதவித்தொகையான பெல் கிராண்ட் கிடைக்காமல் போகலாம், சரி. ஆனால் முதன்முறையாகக் கல்லூரிக்கு வந்து 12 யூனிட் (பாடங்களின் அளவு) அல்லது அதற்கு மேல் எடுக்கும் மாணவருக்கு, வருமானம் பார்க்காமல் இரண்டு ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் ப்ராமிஸ் திட்டம் பல கல்லூரிகளில் இருக்கிறது. அதற்கு நிபந்தனை, ஃபாஃப்ஸாவோ, அதைப் போட முடியாதவர்களுக்கான கலிஃபோர்னியா ட்ரீம் ஆக்ட் விண்ணப்பமோ போட்டிருக்க வேண்டும். கலிஃபோர்னியா வாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர், 15 யூனிட்டுக்கு 690 டாலர். இரண்டு ஆண்டில் நான்கு செமஸ்டர், 2,760 டாலர். ஒரு மாலை உட்கார்ந்து நிரப்பாத படிவத்தின் விலை இது.

“நாங்க எச்-1பி, எங்க பிள்ளைக்கு எப்படித் தருவாங்க?” இதுவும் தவறு. ஃபாஃப்ஸா பார்ப்பது மாணவரின் நிலையை, பெற்றோரின் நிலையை அல்ல. இங்கே பிறந்த பிள்ளை அமெரிக்கக் குடிமகன். நீங்கள் எந்த விசாவில் இருந்தாலும் அவனுக்கு, அவளுக்கு முழுத் தகுதி உண்டு. சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத பெற்றோரும் ஸ்டூடன்ட் எய்ட் தளத்தில் கணக்கு தொடங்கலாம். இல்லாத எண்ணை மட்டும் கற்பனையாகப் போட்டுவிடாதீர்கள்.

படிவம் சிக்குவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனி மெயில், தனித்தனிக் கைபேசி எண் வேண்டும். அப்பாவே இரண்டையும் தன் எண்ணில் தொடங்கினால் பாதியில் நின்றுவிடும். அடுத்தது ஒப்புதல். வரித் துறையிடமிருந்து விவரம் பெற, படிவத்தில் பங்கேற்கும் ஒவ்வொருவரும் ஒப்புதல் தர வேண்டும். ஒருவர் தராவிட்டாலும் மத்திய உதவி ஒரு டாலர்கூடக் கிடையாது, எல்லா எண்களையும் கையால் நிரப்பியிருந்தாலும். 2024–25 படிவத்திலிருந்து இதுதான் விதி. மூத்த பிள்ளைக்கு ஐந்து வருடம் முன்பு போட்ட அனுபவத்தை இளையவருக்குப் பயன்படுத்தாதீர்கள், படிவமே மாறிவிட்டது. இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கல்லூரியில் இருந்தால் கிடைத்த பழைய சலுகையும் அப்போதே போய்விட்டது.

சொத்து விஷயத்தில் தேவையில்லாத பயம் ஒருபக்கம், தேவையில்லாத தைரியம் மறுபக்கம். குடியிருக்கும் வீடும் ஓய்வூதியக் கணக்குகளும் கணக்கில் வராது. கோயம்புத்தூரில் வாடகைக்கு விட்டிருக்கும் வீடும் காலி மனையும் சொத்துக் கேள்வி வந்தால் டாலரில் காட்ட வேண்டியவை. படிவம் இரண்டு ஆண்டு பழைய வருமானத்தைப் பார்க்கிறது, 2026–27க்கு 2024ஆம் ஆண்டு வரிக் கணக்கு. அதற்குப்பின் வேலை போயிருந்தால் கல்லூரியின் பண உதவி அலுவலகத்தில் ஆவணத்தோடு முறையிடுங்கள், மறுபரிசீலனை செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கேட்கக் கூச்சப்படாதீர்கள், தயவுசெய்து.

மாநில அரசின் உதவித்தொகையான கால் கிராண்டுக்குக் கெடு வழக்கமாக மார்ச் 2. கம்யூனிட்டி காலேஜ் மாணவருக்கு மட்டும் செப்டம்பர் 2 என்று இரண்டாவது வாய்ப்பு இருக்கிறது. அதை நம்பி மார்ச்சைத் தவறவிட வேண்டாம்.

கிடைத்த பணம் கையில் நிற்பதற்கு யூனிட் எண்ணிக்கை முக்கியம். 2025–26இல் பெல் கிராண்ட் உச்சம் 7,395 டாலர். 12 யூனிட் எடுத்தால் செமஸ்டருக்கு அதில் பாதி, 9 யூனிட் என்றால் அந்தப் பாதியில் 75 சதவீதம். கணக்குப் பாடம் கஷ்டம் என்று சத்தமில்லாமல் ஒன்றை விடும்போது பணமும் குறைகிறது. செமஸ்டரில் 60 சதவீதம் முடியுமுன் எல்லா வகுப்பையும் விட்டுவிட்டால், வாங்கியதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்பார்கள். வகுப்புக்குப் போகாமல் இருப்பது வேறு, வகுப்பிலிருந்து விலகுவது வேறு. தளத்தில் போய் முறையாக விலகாதவருக்கு ‘எஃப்’ விழலாம். ஆசிரியரே நீக்கிவிடுவார் என்று நம்பி வாங்கிய எஃப்களைத் திருத்துவதில்தான் எங்கள் செப்டம்பரும் பிப்ரவரியும் போகின்றன. உதவி தொடர 2.0 ஜிபிஏவும் (மதிப்பெண் சராசரி), எடுத்த யூனிட்டில் பொதுவாக 67 சதவீதம் தேர்ச்சியும் வேண்டும்.

உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் படிக்கும் டூயல் என்ரோல்மென்ட் எடுத்த பிள்ளைகளின் பெற்றோர் கவனியுங்கள். அந்த மதிப்பெண் கல்லூரி ஆவணத்தில் நிரந்தரம். பத்தாம் வகுப்பில் விட்டுப்போன ஒரு பாடத்தின் எஃப் இந்தக் கணக்கிலும் சேரும். பள்ளி முடிந்ததும் புதிதாக மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். பழைய மாணவர் எண் இருக்கிறதே என்று விட்டால் கணினி இன்னும் பள்ளி மாணவராகவே நினைக்கும்.

எச்-1பி பெற்றோரைச் சார்ந்த எச்-4 விசாவில் உள்ள பிள்ளைகளுக்கு மத்திய உதவி கிடையாது. ஆனால் கலிஃபோர்னியாவில் ஓராண்டுக்கு மேல் வசித்து, இங்கேயே வாழும் நோக்கத்தையும் ஆவணத்தால் காட்டினால் வாசிக் கட்டணமான 46 டாலர் கிடைக்கும். காட்டாவிட்டால் வெளிமாநிலத்தவர் கட்டணம், யூனிட்டுக்கு 300 டாலரைத் தாண்டும். மாநில வரிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றை வகுப்பு தொடங்குமுன் கொடுங்கள். வாக்காளர் பதிவையும் சான்றாக ஏற்பார்கள் என்று படித்துவிட்டு, குடியுரிமை இல்லாதவர் அதில் கைவைத்துவிடாதீர்கள், குடியேற்ற வழக்கில் அது பெரிய ஆபத்து. 21 வயதில் எச்-4 முடிகிறது. எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் செமஸ்டருக்கு 12 யூனிட் கட்டாயம், வாசிக் கட்டணமும் போய்விடும். பத்தொன்பது வயதிலேயே குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

ஊரில் பி.இ., பி.எஸ்சி. முடித்துவிட்டு இங்கே நர்சிங்குக்கோ கணக்கியலுக்கோ திரும்பப் படிக்க வரும் பெண்கள் நிறையப் பேர். பச்சை அட்டை இருந்தாலும் உங்களுக்கு பெல் கிராண்ட் இல்லை, வெளிநாட்டில் வாங்கியதானாலும் இளநிலைப் பட்டம் பட்டம்தான். ஃபாஃப்ஸாவில் அதை மறைக்காதீர்கள். மாநிலத்தின் கட்டண விலக்கான ப்ராமிஸ் கிராண்டுக்கு (மேலே சொன்ன ப்ராமிஸ் திட்டம் வேறு) இந்தத் தடை இல்லை, வருமானத் தகுதி இருந்தால் கேளுங்கள்.

கடைசியாக, தொலைபேசியில் எங்கள் ஊழியர்களிடம் கோபப்படும் அப்பா அம்மாக்களுக்கு. கல்லூரியில் சேர்ந்த மறுகணம், வயது 16 ஆனாலும், மாணவர் ஆவணங்களின் தனியுரிமையைக் காக்கும் ஃபெர்பா சட்டப்படி ஆவண உரிமை மாணவருடையது. நீங்கள்தான் கட்டணம் கட்டினாலும், எழுத்தில் அனுமதி இல்லாமல் எந்த வகுப்பு, எவ்வளவு பாக்கி என்று உங்களிடம் சொல்ல முடியாது. அவர்கள் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. பிள்ளையைப் பேச விடுங்கள். பேசுமுன் மாணவர் எண், புகைப்பட அடையாள அட்டை, திரையில் வந்த பிழைச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட் மூன்றும் கையில் இருக்கட்டும். ஆகஸ்ட்டில் வரிசை இரண்டு மணி நேரம். ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமை காலையில் வந்தால் கவுன்சலரே உட்கார வைத்துப் பேசுவார்.