கைச்சூடு கேட்பது கெட்ட பழக்கமா?

"டாக்டர், கையில் இருந்தால் தூங்குகிறான். கீழே விட்டதும் விழித்து அழுகிறான். தூக்கித் தூக்கிக் கெடுத்துவிட்டேனோ?"

பச்சிளங்குழந்தையோடு வரும் அம்மாக்கள் பலர் என்னிடம் கேட்பது இதுதான். கேட்கும்போதே கண் கலங்கிவிடும். கூட வந்தவர் யாராவது "அப்பவே சொன்னேன்" என்பார். இது நீங்கள் பழக்கியதல்ல, குழந்தை பிறக்கும்போதே கொண்டுவந்தது என்று சொல்வேன்.

தாய்முயல் குட்டிகளைக் குழியில் விட்டுவிட்டுப் போய்விடும். பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை வந்து, சில நிமிடம் பாலூட்டும். கொழுப்பும் புரதமும் மிகுந்த பால் என்பதால் அதுவே தாங்கும். மனிதத் தாய்ப்பாலில் கொழுப்பு சுமார் 4 சதவீதம், புரதம் சுமார் 1 சதவீதம்தான். அடிக்கடி குடிப்பதற்கென்று அமைந்த பால் அது. அப்படியென்றால் குழந்தை அம்மாவை ஒட்டியே இருந்தாக வேண்டும். சிம்பன்சிக் குட்டி தாயின் ரோமத்தைப் பற்றிக்கொண்டு கூடவே போகும். நம் குழந்தைக்கு அந்த வழியில்லை. உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். கழுத்துகூட நிற்காத வயதில், அழுதுதான் கூப்பிட முடியும். காட்டுவெளியில் தனியே கிடந்தும் சத்தம் போடாத குழந்தை பிழைப்பது கடினம். அழுது கூப்பிட்டுப் பிழைத்தவர்களின் வழிவந்தவர்கள் நாம்.

1986இல் வெளியான ஒரு கனடா ஆய்வில், வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் தூக்கிவைத்திருந்த குழந்தைகள் 6 வார வயதில் 43 சதவீதம் குறைவாக அழுதார்கள். ஆனால் காரணமே தெரியாமல் மணிக்கணக்கில் வீறிடும் குழந்தைகளுக்கு இதே முறை பலன் தரவில்லை என்று பிறகு வந்த ஆய்வு காட்டியது. எனவே தூக்கியும் அழுகை அடங்கவில்லையா? தவறு உங்களுடையதல்ல.

தூக்க வேண்டும் என்பதற்காக அம்மா உடைந்துபோகக் கூடாது. குழந்தையோடு சோபாவில் கண்ணயர்வது மிகவும் ஆபத்து. உங்களுக்குத் தூக்கம் வந்தால் குழந்தையை உறுதியான, சமதளப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கோபம் பொங்கினால் அங்கேயே விட்டுச் சில நிமிடம் விலகி நில்லுங்கள், ஒருபோதும் குலுக்காதீர்கள். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் உடனே மருத்துவரிடம் வாருங்கள்.

மனிதத் தாய் தனியாகப் பிள்ளை வளர்த்த இனமும் அல்ல. பாட்டி, அப்பா, மூத்த பிள்ளைகள் என்று பல கைகள் மாறித்தான் குழந்தை வளர்ந்தது. அதனால் அம்மாவிடம் பேசி முடித்ததும் கூட வந்தவர் பக்கம் திரும்பிக் கேட்பேன்: "சரி, இன்றிரவு எந்த இரண்டு மணி நேரம் நீங்கள் தூக்கிவைத்திருக்கப் போகிறீர்கள்?"