நிணநீர்க்கலன் கிளைப்பு

பரந்தனிலிருந்து ஒரு மாமி தன் தம்பியாரின் பயொப்சி (இழையத் துண்டைச் சோதித்த) முடிவைக் கொண்டுவந்து விரித்தார். "தம்பி, உதில என்ன எழுதிக் கிடக்கு?" பித்தக்கான் புற்றுநோய் என்றிருந்தது. அதன் கீழே "டி2-40" என்று ஒரு வரி. அது நிணநீர்க்கலன்களைக் காட்டித்தரும் ஒரு சோதனை. அந்த வரியை விளக்க, புது நிணநீர்க்கலன்கள் தோன்றுவதைச் சொல்லும் லிம்ஃபாஞ்சியோஜெனெசிஸ் என்ற சொல்லிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

லிம்ஃபா என்றால் இலத்தீனில் தெளிந்த நீர். ஆஞ்சியோன் கிரேக்கத்தில் கலன், ஜெனெசிஸ் பிறப்பு. நம்மவர்கள் அந்தத் தெளிந்த நீரை நிணநீர் என்றார்கள். நிணம் சங்கப் பாடல்களிலேயே கொழுப்பைக் குறிக்கும் சொல். பிழையான பெயர் என்று நினைக்கவேண்டாம். 1622இல் இத்தாலியரான அசெல்லி, வயிறு நிறையத் தின்ற நாயை அறுத்தபோது குடலருகே பால் வெள்ளையாகக் கலன்களைக் கண்டார். குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்துபோவது அந்த நீர்தான். இலத்தீன் தெளிவைப் பார்த்தது, தமிழ் கொழுப்பைப் பார்த்தது.

கான் என்ற சொல்லும் எனக்குப் பிடித்தது. தமிழ்நாட்டில் பித்தநாளம் என்பார்கள். எங்கள் இலங்கைப் பாடப்புத்தகத்தில் பித்தக்கான், ஈரலிலிருந்து பித்தம் ஓடும் குழாய். தெருவோரத்தில் தண்ணீர் ஓடுவதும் கான்தானே, ஆருக்கும் உடனே விளங்கும்.

ஜெனெசிஸை "உருவாக்கம்" என்று பெயர்ப்பதை நான் ஏற்கவில்லை. புற்றுக் கட்டி வெஜிஎஃப்-சி என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது பக்கத்து நிணநீர்க்கலனின் சுவரிலுள்ள வெஜிஎஃப்ஆர்-3 என்ற ஏற்பியில் பொருந்த, இருக்கிற கலனிலிருந்தே புதுக்கலன் புறப்படுகிறது. வயலில் நெல் மட்டம் வெடிக்கிற மாதிரி. அதனால் கிளைப்பு என்பதே பொருத்தம்.

இந்தக் கலன்களை அடையாளம் காட்டுவதை மார்க்கர் என்பார்கள், அதற்குக் குறிகாட்டி போதும். டி2-40 ஒரு பிறபொருளெதிரி (ஆன்டிபாடி). நிணநீர்க்கலன் சுவரிலுள்ள பொடொபிளானின் என்ற புரதத்தில் ஒட்டும், குருதிக்கலன் சுவரில் ஒட்டாது. சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் நீலக் கலக்கருக்களுக்கு நடுவே மெல்லிய பழுப்புக் கோடாக அந்தக் கலன் தெரியும். கோட்டுக்குள்ளே புற்றுக்கலங்கள் (செல்கள்) நின்றால் அவை வாய்க்காலில் இறங்கிவிட்டன என்று பொருள். லைவ்-1, புரொக்ஸ்-1 என்ற குறிகாட்டிகளும் இந்த வேலைக்குப் பயன்படுபவை.

புரொக்னோசிஸ் முன்னறிதல். நோய்ப்போக்கு என்று சொல்வேன், "ஆயுள் கணிப்பு" என்று சொல்லவே மாட்டேன். பித்தக்கான் புற்றில் இக்கலன்கள் அடர்ந்திருந்தால் நிணநீர்க் கணுக்களுக்கு, அதாவது இக்கலன்களின் வழியிலுள்ள சிறு முடிச்சுகளுக்கு, நோய் பரவியிருப்பதும் போக்கு மோசமாவதும் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அது பல பேரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. ஒரு ஆளுக்குச் சிகிச்சையைத் தீர்மானிக்க வைத்தியர் முதலில் பார்ப்பது கணுவில் நோய் உண்டா, கட்டியை முழுதாக எடுக்கமுடிந்ததா என்பவற்றைத்தான்.

"அப்ப கணுவைப் பற்றித்தான் டொக்டரிட்டக் கேக்கவேணும்" என்றார் மாமி. நிணநீர்க் கணு என்று கடுதாசி ஓரத்தில் பெரிய எழுத்தில் எழுதித்தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.