மைக் பிடிக்கும் பழைய ஆட்டக்காரர்களும் நம் பிள்ளைகளின் காதும்

கிரிக்கெட் பயிற்சி கொடுப்பது என் தொழில். அதனால் டிவி வர்ணனையை வெறும் பொழுதுபோக்காக என்னால் எடுத்துக்கொள்ள முடிவதில்லை. பயிற்சி மேட்சில் ஒரு பையன் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை, காலை நகர்த்தாமல் நின்ற இடத்திலேயே மட்டையை வீசி பாயிண்டில் கேட்ச் கொடுத்துவிட்டு வருகிறான். ஏன்டா என்று கேட்டால், "நல்ல ஷாட்தான் சார், நேரா ஃபீல்டர் கைக்குப் போயிருச்சு" என்கிறான். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் அவன் அப்பா, "அது அவனோட நேச்சுரல் கேம் சார்" என்று சேர்த்துக்கொள்கிறார். இரண்டுமே டிவியில் தினமும் ஓடுகிற வசனங்கள். சொல்பவர்கள் முன்னாள் இந்திய வீரர்கள். அவர்களுக்கு எதிராக உள்ளூர் கோச் பேச்சு எடுபடுமா?

முன்னாள் வீரர்கள் ஆடுகிறவர்களைத் தடவிக்கொடுத்துப் பேசுகிறார்களா என்றால், பெரும்பாலும் ஆமாம். கூட ஆடிய பாசத்தில் பேசுகிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாசம் என்றால் 1981-இல் ஆஸ்திரேலியாவின் முன்னாள் கேப்டன் இயான் சேப்பல் வாயே திறந்திருக்கக் கூடாது. மெல்போர்னில் நியூசிலாந்துக்குக் கடைசிப் பந்தில் ஆட்டத்தைச் சமன் செய்ய ஆறு ரன் தேவை. சிக்ஸர் அடிக்க முடியாதபடி, ஆஸ்திரேலிய கேப்டன் கிரெக் சேப்பல், தம்பி ட்ரெவரிடம் பந்தைத் தரையில் உருட்டிவிடச் சொன்னார். இன்னொரு முன்னாள் ஆஸ்திரேலிய கேப்டன் ரிச்சி பெனோ டிவியிலேயே அதை அவமானகரமான செயல் என்றார். இருவருக்கும் அண்ணனான இயான், 35,000 டாலர் பரிசுக்காக எவ்வளவு மானத்தை விடுவாய் என்று பத்திரிகையில் கிரெக்கைக் கேட்டார்.

அதே இயான் சேப்பல் 2013-இல் இந்தியா–ஆஸ்திரேலியா தொடரின் வர்ணனையிலிருந்து விலகிக்கொண்டார். டிஆர்எஸ் (நடுவர் தீர்ப்பை ரீப்ளே பார்த்து மறுபரிசீலனை செய்யும் முறை), அணித் தேர்வு, இந்திய கிரிக்கெட் வாரியத்தின் நிர்வாகம் இந்த மூன்றையும் பற்றிப் பேசக் கூடாது என்று நிபந்தனை போட்டதுதான் காரணம். இந்தியாவில் நடக்கும் சர்வதேசப் போட்டிகளை ஒளிபரப்புவது சேனல் என்றாலும், வர்ணனையாளரை அமர்த்துவதில் வாரியத்தின் கை உண்டு. முன்னாள் வீரர் அல்லாத வர்ணனையாளர் ஹர்ஷா போக்லே 2016 ஐபிஎல் தொடங்கும் முன் நீக்கப்பட்டார். ஏன் என்று தனக்கு யாரும் சொல்லவில்லை என்றார் அவர். 2020-இல் முன்னாள் வீரர் சஞ்சய் மஞ்ச்ரேக்கர் வாரியத்தின் வர்ணனையாளர் பட்டியலிலிருந்து போனார். இதைப் பார்த்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் இருப்பவர் எப்படிப் பேசுவார்?

இன்னொரு காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. இன்றைய வர்ணனையாளர் நாளைய கோச். ரவி சாஸ்திரி மைக்கை வைத்துவிட்டு அணியின் இயக்குநரானார், பிறகு தலைமைப் பயிற்சியாளர், அது முடிந்ததும் மறுபடி மைக். கம்பீரும் வர்ணனை செய்தவர்தான், 2024-இல் இந்தியப் பயிற்சியாளர் ஆனார். தமிழ் வர்ணனையில் நாம் கேட்ட ஹேமங் பதானியும் 2024-இல் டெல்லி கேபிடல்ஸ் ஐபிஎல் அணியின் பயிற்சியாளர் ஆனார். இதில் தப்பு எதுவும் இல்லை, திறமை இருக்கிறது, போகிறார்கள். ஆனால் நாளைக்கு யாருடைய டிரெஸ்ஸிங் ரூமில் உட்கார வாய்ப்பு இருக்கிறதோ, அவனுக்கு இன்றைக்குக் கால் நகரவில்லை என்று நேரலையில் சொல்ல ஒரு தயக்கம் வரும். மனித இயல்பு அது.

சரி, காரசாரமாகத் திட்டினால் போதுமா? அதுவும் இல்லை. 2019 உலகக் கோப்பையில் மஞ்ச்ரேக்கர், ஜடேஜாவை எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த ஆட்டக்காரர் என்கிற பொருளில் ஒரு முத்திரை குத்தினார். அதில் கடுமை இருந்தது, ஜடேஜா கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. நீங்கள் ஆடியதைவிட இரண்டு மடங்கு மேட்ச் ஆடியவன் நான் என்று ஜடேஜா திருப்பிக் கொடுத்தார். அரையிறுதியில் 59 பந்தில் 77 அடித்தார், மஞ்ச்ரேக்கரும் ஒத்துக்கொண்டார். ஆனால் எத்தனை மேட்ச் ஆடினாய் என்பதுதான் தகுதி என்றால், வானொலியில் தமிழ் வர்ணனை செய்த சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாது. டெஸ்ட் ஆடாத மனிதர் அவர். ஒரு தலைமுறைக்கே காதால் கிரிக்கெட் காட்டினார்.

நான் பையன்களுக்குப் போட்டுக் காட்டுவது 2024 டிசம்பர் மெல்போர்ன் டெஸ்டைத்தான். ஆஸ்திரேலியா 474. இந்தியா ஐந்து விக்கெட் போய்த் தடுமாறுகிறது. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் போலண்ட் போட்ட பந்தை ரிஷப் பந்த் பின்பக்கம் அள்ளிவிடப் பார்க்கிறார், பந்து மட்டையில் சிக்காமல் உடம்பில் படுகிறது. அடுத்த பந்திலும் அதே ஷாட், டீப் தேர்டில் லயன் கையில் கேட்ச். கவாஸ்கர் வர்ணனையில் "முட்டாள்தனம்" என்று மூன்று முறை சொன்னார். வாட்ஸ்அப்பில் சுற்றியது அந்த மூன்று வார்த்தைதான். அதற்குப் பின்னால் சொன்னதுதான் பாடம்: அந்தப் பக்கம் இரண்டு ஃபீல்டர் நிற்கிறார்கள், முந்தின பந்து தவறியிருக்கிறது, அணி இருக்கும் நிலைமை வேறு, இதை நேச்சுரல் கேம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் அப்பாக்களுக்கும் அதில் பதில் இருக்கிறது. 2025-இல் லீட்ஸில் பந்த் சதம் அடித்தபோது "சூப்பர்ப்" என்று மூன்று முறை சொன்னவரும் கவாஸ்கரேதான்.

இத்தனைக்கும், வீரர்களுக்குப் பிரதிநிதியாக இருக்கும் நிறுவனத்தின் தலைவராக இருந்துகொண்டே அவர்களைப் பற்றி வாரிய ஒப்பந்தத்தில் வர்ணனையும் செய்கிறார் என்று வாரியத்தை நடத்த உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவில் இருந்த வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா 2017-இல் தன் விலகல் கடிதத்தில் குறிப்பிட்டதும் இதே கவாஸ்கரைத்தான். ஆளைப் பார்த்து நம்பாதீர்கள், ஒவ்வொரு வாக்கியத்திலும் "ஏன்" இருக்கிறதா என்று பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

யூடியூப் கதை வேறு. அங்கே வாரியம் இல்லை, அணித் தேர்வைப் பற்றி ஸ்ரீகாந்த் மாதிரி முன்னாள் தேர்வுக்குழுத் தலைவரே வெளிப்படையாகப் பேசலாம். 2025-இல் வேகப்பந்து வீச்சாளர் ஹர்ஷித் ராணாவின் தேர்வை அவர் கேள்வி கேட்க, யூடியூப் பார்வைகளுக்காக 23 வயதுப் பையனைக் குறிவைக்கிறார்கள் என்று கம்பீர் கோபப்பட்டார். இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. பார்வைகளும் ஒருவகைச் சம்பளம்தானே.

பெற்றோருக்கு ஒரு வேலை. விக்கெட் விழுந்து ரீப்ளே ஓடும்போது டிவி சத்தத்தை நிறுத்துங்கள். பந்து எந்த லைனில் வந்தது, கால் எங்கே போனது, ஃபீல்டர் எங்கே, ஸ்கோர் என்ன என்று பிள்ளையிடம் கேளுங்கள். அவன் பதில் சொன்ன பிறகு சத்தத்தை வைத்து, வர்ணனையாளர் இதில் எதைச் சொன்னார், எதை விட்டார் என்று பார்க்கச் சொல்லுங்கள். மேட்ச் முழுக்க இதைச் செய்ய வேண்டியதில்லை, நாலைந்து விக்கெட்டுக்குப் போதும். ஐபிஎல் முடியவே ராத்திரி பதினொன்றரை ஆகிவிடும், காலையில் பிராக்டிஸ் இருந்தால் ஹைலைட்ஸில் பார்த்துக்கொள்ளலாம்.